பாட்டுப் பலகை

எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு தேக்குப் பலகை தொங்கும். அதில் நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று தகரத் தகடுகளைச் செருகுவதற்கு மேலும் கீழும் சட்டத்தில் காடி எடுத்திருப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் பாடப்போகிற பாமாலை எண்களை அதில் போட்டு வைக்க வேண்டும். உபதேசியார் எண்ணை வாயாலும் சொல்லத்தான் செய்வார். ஆனால் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிமாருக்கு அது கேட்காது. கேட்டாலும், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி முடிப்பதற்குள் முதல் சரணம் ஓடிவிடும். பலகை இருந்தால் கோயிலுக்குள் வந்ததும் வராததுமாகப் பக்கத்தை எடுத்து விரலை நடுவில் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த எண்களை மாட்டுவது என் வேலை. 1976-இல் பத்து வயதில் தொடங்கினேன். 1986-இல் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போகிற வரைக்கும் காய்ச்சல் கண்ட நாள் தவிர எல்லாச் சனிக்கிழமையும் செய்தேன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். ஆனால் இப்போதும் சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், எதையோ செய்யாமல் விட்டுவிட்டது போல மனசு ஒரு நிமிஷம் எழுந்து உட்காருகிறது.

ஊர் சாத்தான்குளத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில், தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. சிவந்த மணல் காற்றோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிற பூமி அது. பனை மட்டும்தான் நின்ற இடத்தில் நிற்கும். தேரி மேட்டில் ஏறினால் தூரத்தில் மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் தெரியும். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டியது, 192 அடி உயரம். எங்கள் கோயில் ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒற்றை மணியும் கொண்ட சின்னக் கோயில். சேகரத்து ஐயர் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாள்களில் உபதேசியாரும் ஊராரும் சேர்ந்து நடத்திக்கொள்வதுதான் ஆராதனை. அதனால் ஆளுக்கொரு வேலை இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு அந்தப் பலகை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் என்னைப் பாடகர் குழுவில்தான் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் எனக்குப் பெரியப்பா முறை. மூன்று வாரம் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திப் பாட வைத்துக் கேட்டார். நாலாவது வாரம் தலையில் கையை வைத்து, "பாட்டு உனக்கு வரலைம்மா. வேற என்ன வருதுன்னு பாப்போம்" என்றார். அன்றைக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் அன்று நான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது மீதிப் பாதி. வேற என்ன வருதுன்னு பாப்போம். ஒரு பிள்ளைக்கு என்ன வரும் என்று பார்ப்பது அந்தப் பிள்ளையின் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. ஊரே சேர்ந்து பார்க்க வேண்டிய காரியமாக அதை எடுத்துக்கொண்டார்.

அவர் என் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி கோயில்குட்டியிடம் சொன்னாள். "இவளுக்கு எண்ணு நல்லா வருதுய்யா. பலகையை இவகிட்ட குடுத்துப் பாருமே."

வெளியூர்க்காரர்களுக்குக் கோயில்குட்டி என்றால் விளங்காது. மணியடிப்பது, கோயிலைப் பெருக்குவது, விளக்குத் துடைப்பது, பாய் விரிப்பது, வீடு வீடாகப் போய்க் கூட்டம் சொல்வது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது கூட நிற்பது எல்லாம் அவர்தான். எங்கள் கோயில்குட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஆனால் அவர் கை கயிற்றைப் பிடித்தால் மணி பேசும். முதல் மணி அவசரமில்லாமல் நீளமாக இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குளித்துவிட்டு வரலாம். இரண்டாம் மணி கொஞ்சம் நெருக்கி வரும். மூன்றாம் மணி கேட்டால் தெருவில் நடக்கிறவர்கள் ஓடத் தொடங்குவார்கள். சாவு மணி வேறு. ஒன்று அடித்து, அது முழுவதும் அடங்கின பிறகு அடுத்தது. அந்த இடைவெளியில் அடுப்படியில் இருக்கிறவர்கள் அப்படியே நின்று, யாராக இருக்கும் என்று நோயாளிகள் இருக்கிற வீடுகளை ஒவ்வொன்றாக நினைப்பார்கள். அந்த இடைவெளியை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அதற்குப் பிறகு வந்த எவருக்கும் அது கைகூடவில்லை.

தகடுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கறுப்பு வண்ணத்தின்மேல் வெள்ளை எண்கள். உபதேசியார் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். நான் முக்காலியில் ஏறி நிற்பேன், கோயில்குட்டி முக்காலியைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்துக் கோயிலின் மணம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. மெழுகுவத்தி, பழைய புத்தகம், தண்ணீர் தெளித்துப் பெருக்கின தரை, கூரையில் வௌவால்.

ஒரு லெந்துகாலத்து ஞாயிறு. சீட்டில் 126 என்று இருந்ததை நான் 129 ஆக்கிவிட்டேன். ஆறைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். உபதேசியார் சரியான எண்ணைச் சொன்னார். ஆர்மோனியக்காரர் பலகையைப் பார்த்து வேறு பாட்டைத் தொடங்கினார். பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் இன்னொன்றுமாகப் பாடி, இரண்டு வரியில் எல்லாம் நின்றுபோனது. அந்த அமைதியில் கோயிலே திரும்பிப் பலகையைப் பார்த்தது. பாட்டியின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இனி அந்த வேலை எனக்கு இல்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. கோயில்குட்டி வீட்டுக்கே வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. திறந்து காட்டினார். எல்லா ஆறுக்கும் எல்லா ஒன்பதுக்கும் கீழே வெள்ளை வண்ணத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். "புள்ளி எப்பவும் தரையைப் பாக்கணும், தாயி" என்றார். அவ்வளவுதான். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சே எழவில்லை. மணி அடிக்கத் தெரிந்தது போலவே, விழுந்த பிள்ளையை நிமிர்த்தி நிறுத்தவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டுமே அவர் பெற்ற வரம்தான் என்று சொல்வேன்.

அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் பேச்சில் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. வரம், தாலந்து, ஊழியம் எல்லாம் பிரசங்கத்தில் வருகிற சொற்கள். ஊழியம் என்றால் ஐயர் செய்வது. நாங்கள் செய்ததற்குப் பெயர் கோயில் வேலை. "இன்னைக்குக் கோயில் வேலை இருக்கு" என்றால் வயலுக்குப் போகாமல் இருக்க அது போதும். இப்போது யோசிக்கையில், பவுல் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தில் ஒரே சரீரம், பல அவயவங்கள் என்று விளக்குகிறாரே, அதை எங்கள் ஊரார் விளங்கிக்கொண்டதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் விளங்கிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றுகிறது.

பாட்டியின் வேலை அரிசி. அடுக்களையில் பெரிய பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்து முறத்தில் போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். முறத்தில் இருப்பதிலிருந்துதான் எடுப்பாள், பானையிலிருந்து எடுக்க மாட்டாள். ஒருநாள் ஏனென்று கேட்டேன். பானையிலிருந்து எடுத்தால் இருப்பில்தான் குறையும், அளந்ததிலிருந்து எடுத்தால் நம் வயிற்றில் குறையும் என்றாள். காலையும் மாலையும், வீட்டில் அரிசி குறைவாக இருந்த ஐப்பசி மாதத்திலும், அந்தக் கைப்பிடி தப்பியதில்லை.

ஞாயிறு அன்று அதை ஓலைக்கொட்டானில் எடுத்துப்போய்க் கோயில் வாசலில் இருக்கிற பெட்டியில் கொட்டுவோம். எல்லா வீட்டு அரிசியும் அதில் ஒன்றாகும். புழுங்கல், பச்சை, சிவப்பு, ரேஷன் அரிசி எல்லாம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் மறுநாள் ஊரே ஒரு பானையில் வேகும். ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். பல்லில் கல் கடிபடும். எங்கள் அம்மா முகம் சுளித்தால் பாட்டிக்குப் பொறுக்காது.

"அரிசி எங்க போகுது பாட்டி?" என்று கேட்டால், "தோர்ணக்கல்லுக்கு ஏட்டி" என்பாள்.

பாட்டி நாசரேத் ஆஸ்பத்திரியைத் தாண்டி வடக்கே போனவள் இல்லை. ஆனால் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்று ஓர் ஊர் இருப்பது அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியதில் அவர் முன்னால் நின்றார். போகிறவர்கள் நம் ஆட்களாக, செலவு நம் பணமாக, நிர்வாகம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. வெளிநாட்டுக் காசு இல்லாமல் மிஷன் நடத்துவதென்றால், அந்தக் காசு பனங்காட்டு வீடுகளின் அடுக்களையிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். அசரியா தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் அங்கே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். பாட்டி அரிசி போட்ட காலத்தில் சங்கத்தின் வேலை வேறு எத்தனையோ இடங்களுக்குப் பரவியிருந்தது. ஆனால் அவளுடைய அம்மா தோர்ணக்கல் என்று சொல்லித்தான் போட்டாள், அதனால் அவளும் அப்படியே சொன்னாள்.

அசரியாவைப் பற்றி நான் பின்னால் வாசித்த ஒரு செய்தி மனத்தில் நின்றுவிட்டது. தோர்ணக்கல் வட்டாரத்து ஏழைக் கூலிகள் ஞானஸ்நானம் எடுக்கும்போது, தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, நற்செய்தியைச் சொல்வது இனி என் கடமை என்று சொல்லச் சொல்வாராம். அன்றைக்குத்தான் உள்ளே வந்தவர்கள். படிப்பில்லாதவர்கள். அன்றைக்கே அவர்களுக்கு வேலை உண்டு. எங்கள் பெரியப்பாவின் கை என் தலையில் இருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கொண்டுவருகிறவர் ஒரு பனையேறி. அவரைக் கோயிலுக்குள் பார்ப்பதே அபூர்வம். பதநீர்க் காலம் வந்துவிட்டால் பாளையைத் தினமும் சீவியாக வேண்டும், ஒருநாள் விட்டாலும் சுரப்பு கெட்டுவிடும். பனைக்கு ஞாயிறு தெரியாது. காலையில் ஏறி இறங்கி வருவதற்குள் ஆசீர்வாதம் சொல்லிவிடுவார்கள். மார்பிலும் காலிலும் காய்த்துப்போன தோலோடு, அருவாப்பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். அவரைப் பற்றிச் சிலர் குறை சொன்னதும் உண்டு. ஆனால் குருத்தோலைக்கு முந்தின நாள் மதியம் அவர் வருவதை எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். தோளில் வெண்மஞ்சள் குருத்துக் கட்டு. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க மாட்டார், மரம் நோகும் என்பார். அதனால் அந்தக் கட்டுக்காக எத்தனை மரம் ஏறியிருப்பார் என்று பிள்ளைகள் ஓலையை எண்ணிப் பார்ப்போம்.

சாயங்காலம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து அவர் சிலுவை முடைவார். ஊசியில்லை, நூலில்லை, முடிச்சும் இல்லை. ஒரே ஈர்க்கில் கிழித்த ஓலை மடிந்து மடிந்து தனக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்ளும். அந்தப் பெரிய விரல்கள் அவ்வளவு மெல்லிசாக வேலை செய்யும் என்று பார்க்காமல் நம்ப முடியாது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பார்ப்போம். என்னுடையது எப்போதும் ஒரு பக்கம் கோணும்.

ஒரு பிரதிஷ்டைப் பண்டிகையில் ஐயர் பெசலெயேலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய மோசே காலத்தில் தேவன் பேர் சொல்லி அழைத்த மனிதன். யாத்திராகமம் அவனைத் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்கிறது. எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க. அன்றைக்கு அதிசயமாக அந்தப் பனையேறி உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிகிற வரைக்கும் தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையன்குடிக் கோயிலைக் கால்டுவெல் ஐயர் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை 33 வருஷம் ஆயிற்று. அங்கே போகும்போதெல்லாம் எனக்குக் கால்டுவெல்லோடு சேர்ந்து அந்த முப்பத்து மூன்று வருஷமும் கல் கொத்தினவர்களும் நினைவுக்கு வருவார்கள். தகப்பன் தொடங்கி மகன் முடித்த கல் ஒன்றாவது அந்தச் சுவரில் இருக்கும்.

டீச்சர் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குறிப்பு முடியாது. பிறவியிலேயே கண் தெரியாதவள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கின பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அங்கேயே பின்னால் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிரெயில் வேதாகமத்தில் ஒரு பாகத்தைக் கொண்டுவருவாள். முழு வேதாகமமும் ஒரே புத்தகத்தில் அடங்காது, பல பாகம். ஒவ்வொன்றும் தலையணை கனம். அதைப் பையிலிருந்து எடுக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்போம். வெறும் புள்ளிகள். எங்கள் விரலுக்கு ஒன்றும் பேசாது.

ஒரு வருஷக் கடைசி இரவு. பழைய ஆண்டுக்கு நன்றி சொல்லிப் புதிய ஆண்டை எதிர்பார்க்கிற ஆராதனை. வேதபாடம் வாசிக்க டீச்சர் அக்காவை அழைத்தார்கள். அவள் தம்பி கைபிடித்துக் கொண்டுவந்து விட்டான். சங்கீதத்தில் இரண்டு வசனம் வாசித்திருப்பாள், மின்சாரம் போனது. ஊரே இருட்டு. கோயிலுக்குள் கையை நீட்டினால் கை தெரியாது. பிள்ளைகள் வீல் என்று கத்தின. யாரோ தீப்பெட்டியைத் தேடினார்கள். அக்காவுக்கு விளக்குப் போனதே தெரியாது. அவள் நிறுத்தவே இல்லை. அதே நிதானத்தோடு வாசித்துக்கொண்டே போனாள். பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. தீக்குச்சி உரசப் போனவரைக் கோயில்குட்டி தோளைத் தொட்டுத் தடுத்ததாகப் பின்னால் சொன்னார்கள். தாளின்மேல் விரல் நகர்கிற மெல்லிய உரசல்கூடக் கேட்டது. கண் இருந்த நாங்கள் நூறு பேரும் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தோம், அந்த இருட்டில் வாசிக்க முடிந்தவள் அவள் ஒருத்திதான். சங்கீதம் முடிந்து அவள் ஆமென் சொன்ன பிறகுதான் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார்கள். வெளிச்சம் வந்தபோது பாட்டியின் கன்னம் நனைந்திருந்தது.

அப்புறம் அசனம். பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள். முந்தின இரவே அடுப்புத் தோண்டி, பனைமட்டையும் பாளையும் போட்டு எரிப்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாய்களில் குவித்து வெள்ளைத் துணியால் மூடுவார்கள். ஆள் உயரத்துக்கு வெண்மலை போல ஆவி விட்டுக்கொண்டிருக்கும். கறிக்குழம்புக்கு உப்புப் பார்க்க ஒரே ஒரு மாமாதான். ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர், வற்புறுத்தினால் எழுந்து போய்விடுவார். ஆனால் ஆயிரம் பேருக்கான குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "ஒரு கை போடு" என்பார். சரியாக ஒரு கைதான் குறைந்திருக்கும். பரிமாறுவதற்கு இளவட்டங்கள், தண்ணீருக்குப் பிள்ளைகள், எழுந்து நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோக ஒரு சித்தி. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அந்தச் சித்திக்கு மனப்பாடம். தொற்காள் என்று பெண்கள் அவளைக் கூப்பிடுவார்கள், அவள் தையல் தைக்கவில்லை என்றாலும். யோப்பா பட்டணத்து விதவைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த அந்தத் தொற்காள் செத்தபோது, விதவைகள் அவள் தைத்தவற்றைக் காட்டிக் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. எங்கள் சித்தி செத்தபோது கிழவிகள் தூக்குவாளியைப் பற்றித்தான் அழுதார்கள்.

ஏக்கத்தில் எல்லாம் பொன்னாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாருக்கு என்ன வரும் என்று பார்த்தார்கள், ஆனால் சிலவற்றைப் பார்க்கவே இல்லை. பாட்டிக்கு வேதாகமம் உபதேசியாரைவிட நன்றாகத் தெரியும். எந்த வசனத்தைக் கேட்டாலும் முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்வாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவள் யோபுவைப் பற்றிச் சொன்னதைப் போல ஒரு பிரசங்கத்தை நான் எந்தப் பீடத்திலும் கேட்டதில்லை. ஆனால் அவள் பீடத்துக்குப் பக்கத்தில் போனது பெருக்குவதற்கும் பூ வைப்பதற்கும்தான். வேதபாடம் வாசிக்கச் சொல்லி ஒருநாளும் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. டீச்சர் அக்கா படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், அதனால் கூப்பிட்டார்கள். பாட்டி குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் வயது ஏற ஏற அது நெஞ்சில் குத்துகிறது. கைப்பிடி அரிசியைக் கொட்டச் சொன்ன சபை அவள் வாயையும் ஒருமுறை திறக்கச் சொல்லியிருக்கலாம்.

கோயம்புத்தூரில் நாங்கள் போகிற சபை பெரியது. நல்ல மனிதர்கள். வியாதி என்றால் ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபிப்பார்கள். பாட்டுகள் திரையில் வரும், புத்தகம் தேவையில்லை, எண்ணும் தேவையில்லை. சில வருஷத்துக்கு முன் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். உங்கள் தாலந்துகள் என்ன என்று தலைப்பு. பாடுதல், இசைக்கருவி, ஞாயிறு பள்ளி, கணினி, ஒளிப்பதிவு, வாகனம் ஓட்டுதல் என்று பக்கத்தில் கட்டங்கள். பொருந்துவதில் குறி போட வேண்டும். அக்கறையோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன வரும் என்று நானே எப்படிச் சொல்வது? என் முதுகை நானே பார்க்க முடியுமா? பக்கத்தில் நிறுத்தி, மூன்று வாரம் கேட்டு, தலையில் கை வைத்து யாராவது அல்லவா சொல்ல வேண்டும்? ஞாயிறு பள்ளி என்று குறி போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, ஆள் போதுமான அளவு இருக்கிறார்கள், தேவைப்பட்டால் அழைக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அந்த இரவு உலைக்கு அரிசி அளந்தேன். குக்கர்ப் பாத்திரத்தில் கொட்டின பிறகு, என் கை தானாக ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்தது. போடுவதற்குக் கலயம் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்குப் போனேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் துபாயிலும். பனையேறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பாட்டியும் கோயில்குட்டியும் பெரியப்பாவும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருக்கிறார்கள். கோயிலுக்கு டைல்ஸ் போட்டு, மின்விசிறியும் மாட்டியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் கால் தானாக அங்கே போனது. கதவு திறந்திருந்தது. பீடத்துக்கு வலப்பக்கம் அதே தேக்குப் பலகை. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று தகடு செருகிக்கொண்டிருந்தாள். கீழே சீட்டு கிடந்தது. டப்பா மாறியிருந்தது, தகடுகள் மாறவில்லை. வண்ணம் பூசியிருந்தார்கள், ஆனால் பழைய புள்ளிகளின்மேல் யாரோ பார்த்துப் பார்த்து அதே இடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள்.

அவள் ஒரு தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைக் கண்டதும், "பாட்டி, இதுல புள்ளி எதுக்குப் போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"புள்ளி எப்பவும் தரையைப் பாக்கணும், தாயி" என்றேன்.

அவள் தகட்டைத் திருப்பிச் செருகினாள். எட்டிப் போடுகையில் நாற்காலி ஆடியது. நான் போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்தது என்ன நம்பர், பாட்டி?"

குனிந்து சீட்டைப் பார்த்துச் சொன்னேன்.